ஆள் குறைந்த வீட்டுக்கு அறிவுள்ள விளக்கு: செட்டிநாட்டில் ஸ்மார்ட் ஹோம் ஓர் ஆய்வு

ஸ்மார்ட் ஹோம் பற்றிய கையேடுகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் ஒரே வகை வீட்டைத்தான் மனதில் வைத்துக்கொள்கின்றன. இரண்டு படுக்கையறை அடுக்ககம், புது வயரிங், நிற்காத இணையம், மாலையில் வேலை முடிந்து திரும்பும் இளம் குடும்பம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, ஆத்தங்குடி என்று விரியும் செட்டிநாட்டு ஊர்களில் இவற்றில் ஒன்றும் பொருந்தாது. இங்கே பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மின்சாரம் பரவலாக வருவதற்கு முன்பே எழும்பிய வீடுகள் ஏராளம். வீட்டுக்கு உரியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது வயதான ஓர் ஆச்சி, அல்லது ஒரு காவலாள், அல்லது வெறும் பூட்டு.

இப்படிப்பட்ட வீட்டில் விளக்கு, உணரி, தானியங்கி அமைப்பு ஆகியவற்றை எப்படி வைப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீட்டில் இந்த அமைப்பின் தலையாய வேலை காவல். வீட்டையும் அதில் தனித்திருப்பவரையும் காப்பதற்குப் பிறகுதான் வசதியும் அழகும். ஆகவே வேலை நடக்க வேண்டிய வரிசை இது: எர்த், வயரிங், காவல் உணரிகள், விளக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் குரல் கட்டளை. சந்தையோ குரல் கட்டளையை முதலில் விற்று, எர்த்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வீடு முதலில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940-கள் வரை, பர்மா, இலங்கை, மலேயா வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கட்டியவை இந்த வீடுகள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் ஆகியவை ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டப்பட்டது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுக்கடுக்காகச் செல்லும் இந்த அமைப்பிலேயே ஒரு விளக்குத் திட்டம் இருக்கிறது. நடுமுற்றத்தில் விழும் பகல் வெளிச்சம் சுற்றிலும் உள்ள பத்திகளுக்குப் பரவும். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல்லும் அந்த வெளிச்சத்தை உள்ளறை வாசல்வரை எடுத்துச் செல்லும். பகலில் இந்த வீட்டுக்கு மின்விளக்குத் தேவை மிகக் குறைவு. இருட்டிய பிறகுதான் சிக்கல். பத்திகள் நீளமானவை, கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி, தரை வழவழப்பு. புதிதாக எதைச் சேர்த்தாலும் இந்த மூன்றையும் மனதில் வைத்தே சேர்க்க வேண்டும்.

துறை வந்த வழி

வீட்டு மின்சாரத்தைத் தொலைவிலிருந்து ஆளும் முயற்சிக்கு அரை நூற்றாண்டு வயது. ஸ்காட்லாந்தின் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-ல் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. விளக்குக்குப் போகும் மின்கம்பி வழியாகவே கட்டளையும் போகும். அதே கம்பியில் மோட்டார் ஓடினால் கட்டளை இரைச்சலில் தொலைந்துபோகும் என்பது அதன் குறை. பிறகு கம்பியில்லா முறைகள் வந்தன: வைஃபை, ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட். ஒரு நிறுவனத்தின் பொருள் இன்னொன்றோடு பேசாத தொல்லையைத் தீர்க்க, 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வெளியானது. இவற்றுக்கு இணையாக, 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள், ராஸ்பெர்ரி பை போன்ற கையகலக் கணினியில் வீட்டுக்குள்ளேயே இயங்கி எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறது.

இந்த வரலாற்றில் நமக்குப் பாடமாக நிற்கும் இரண்டு நிகழ்வுகள் உண்டு. 2016-ல் ரிவால்வ் என்ற வீட்டு மையக் கருவிக்கான சர்வரை அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அந்தக் கருவி ஒரே நாளில் பயனற்றுப் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. செட்டிநாட்டு வீட்டின் கதவும் தூணும் நூறாண்டு நிற்கும். அதில் பொருத்தும் சுவிட்ச் எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் ஆயுளை நம்பி இருக்கக் கூடாது. கட்டளை வீட்டுக்குள்ளேயே முடிவாக வேண்டும். இணையம் செய்தி சொல்ல மட்டும் போதும். மேட்டர், ஹோம் அசிஸ்டன்ட் இரண்டும் இந்த உள்ளூர்க் கட்டுப்பாட்டைத் தருகின்றன.

சுவிட்ச் பெட்டியைத் திறந்தால்

பழைய வளவு ஒன்றில் மரப்பலகையின் மேல் வட்ட வடிவக் கறுப்பு சுவிட்ச் இருக்கும். பலகையைக் கழற்றினால் பெரும்பாலும் இரண்டே கம்பிகள் தெரியும்: உள்ளே வரும் லைன், விளக்குக்குப் போகும் லைன். நியூட்ரல் அந்தப் பெட்டிக்கு வருவதே இல்லை. உத்தரத்தின் ஓரமாக நேரே சீலிங் ரோஸுக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு இது போதும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சிறு கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு லைன், நியூட்ரல் இரண்டும் தேவை.

நியூட்ரல் வேண்டாத வகை சுவிட்சுகளும் விற்கின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும் அவை அதன் வழியாகச் சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டுத் தங்கள் பசியைத் தீர்த்துக்கொள்ளும். பழைய 60 வாட் குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. 9 வாட் எல்.இ.டி. பல்போ இரவெல்லாம் மங்கலாக மினுக்கும். விளக்கருகே ஒரு சிறு மின்தேக்கியைப் பொருத்தினால் மினுக்கல் நிற்கும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லைனும் நியூட்ரலும் கூடும் இடம் ஜங்ஷன் பெட்டிதான். கட்டளைப்படி விளக்கை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவை அங்கே வைத்துவிடலாம். கீழே பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். அதைத் தட்டினாலும் விளக்கு எரியும். ஐந்து ஆம்பியர் பிளக் உள்ள பெட்டிக்கு நியூட்ரல் கட்டாயம் வந்திருக்கும் என்பதால், வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே பிளக் உள்ள பெட்டிகளைக் குறித்துக்கொள்வது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

கம்பியின் உறை அடுத்த கேள்வி. பழைய ரப்பர் உறை விரலால் தொட்டால் உதிரும். அதன் மேல் எந்த நவீனக் கருவியைப் பொருத்துவதும் ஆபத்து. எலெக்ட்ரீசியன் முதலில் மெகர் வைத்துக் காப்பு மின்தடையைப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தச் சர்க்யூட்டின் வயரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மாற்றும்போது சுவரை வெட்டக் கூடாது. முட்டைச் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கோடு வெட்டினால் அதே பளபளப்போடு அடைக்கத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. உத்தரத்தின் மேல்விளிம்பை ஒட்டியோ பழைய மரக் கேசிங் போன வழியிலேயோ வயரைக் கொண்டுசெல்லலாம். தேக்குத் தூணில் துளை போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, எர்த். செம்பாறை கலந்த இந்த மண் கோடையில் காய்ந்து இறுகும்போது எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். எர்த்திங்குக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 3043. அதன்படி அளந்து பார்த்து, சித்திரை வைகாசியில் குழிக்குத் தண்ணீர் விடும் வழக்கத்தை வீட்டுக் காவலாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கோடை இடிமழையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் கொண்டுவரும் மின்னழுத்தத் தாவல்களுக்கு முதல் பலி ஆவது ரவுட்டரும் ஸ்மார்ட் கருவிகளும்தான். மெயின் பெட்டியில் சர்ஜ் தடுப்பானும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் மற்ற எதற்கும் செலவழிப்பது வீண்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம்தான், பழைய வயரிங்கில் தீயைத் தடுக்கும் வழி அது. ஆனால் மெயின் போனால் உணரிகளும் உறங்கிவிடும்; யாரும் இல்லாத நாளில்தானே அவை அதிகம் தேவை. இதற்குத் தீர்வு, மெயினுக்குப் பிறகு சர்க்யூட்டை இரண்டாகப் பிரிப்பது. ஒன்று வீட்டுச் சர்க்யூட்; பூட்டும்போது அணைக்கலாம். மற்றொன்று காவல் சர்க்யூட். புதிய வயர், தனி எம்.சி.பி., சிறிய பேட்டரி துணையோடு ரவுட்டருக்கும் மையக் கருவிக்கும் வாசல் விளக்குக்கும், காவலுக்கும் இரவு நடைக்கும் வேண்டிய சில கருவிகளுக்கும் மட்டும் போவது. இந்த ஒரு பிரிவினைதான் செட்டிநாட்டு வீட்டுக்கான ஸ்மார்ட் ஹோமின் அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து.

சுவரைத் தாண்டும் அலை

தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவர் ஒன்றிரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். முகப்பில் வைத்த ஒரே ரவுட்டர் அடுப்படிவரை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. முற்றத்தின் மேலே திருட்டுக்குப் பயந்து போட்ட இரும்புக் கிராதி, வெயிலுக்குப் போட்ட தகரம் இரண்டும் மாடிக்கும் கீழுக்கும் இடையே அலையை மேலும் மறிக்கும்.

ஆனால் முற்றம் ஒரு வசதியும் தருகிறது. வளவைச் சுற்றியுள்ள எல்லா அறை வாசல்களும் முற்றத்தைப் பார்த்தவை. பத்தியின் தூண் உயரத்தில் ஓர் அணுகல் புள்ளியை வைத்தால் சுவர் குறுக்கிடாமல் நான்கு பக்கமும் அலை பரவும். கட்டுக்கு ஒன்றாக இப்படி வைத்து, அவற்றைக் கம்பியால் இணைப்பதே சிறந்தது. முற்றத்து ஓரத்தில் நனையும் இடமென்றால் ஐ.பி.65 தரம் உள்ள பெட்டி வேண்டும்.

ஜிக்பீ, த்ரெட் வகைக் கருவிகள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கடத்தும். அப்படிக் கடத்துவது கரண்டில் ஓடும் கருவிகள் மட்டுமே; பேட்டரி உணரிகள் கடத்தா. எனவே கட்டுக்கு இரண்டு ரிலேயாவது காவல் சர்க்யூட்டில் இருக்க வேண்டும். வீட்டுச் சர்க்யூட்டை அணைத்த மறுகணமே வலை அறுந்துவிடாமல் இருக்க இதுவே வழி. பின்கட்டு, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி போன்ற எட்டாத இடங்களுக்கு, இந்தியாவில் உரிமம் வேண்டாத 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் லோரா, இசட்-வேவ் கருவிகள் கைகொடுக்கும். அலைநீளம் கூடுதல் என்பதால் சுவரை எளிதில் கடக்கும்.

உணரிகள்: எதை, எங்கே

ஆள் நடமாட்டத்துக்கு மிகுதியும் பயன்படுவது பி.ஐ.ஆர். உணரி. உடம்பு வெளியிடும் அகச்சிவப்பு வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு நகர்வதை அது கவனிக்கும். அந்த வேறுபாடு இல்லாவிட்டால் அதற்குக் கண் தெரியாது. ஏப்ரல், மே நண்பகலில் முற்றத்தை ஒட்டிய பத்தியின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது, எதிரே நடந்துபோகும் ஆளை அது தவறவிடும். அதே பத்தியில் மாலைக் காற்று புகுந்து சூடேறிய கல்லின் மேல் வீசினால் ஆளே இல்லாமல் விளக்கைப் போடும். அணிலும் பூனையும் வௌவாலும் தத்தம் பங்குக்கு எழுப்பும். ஆகவே உணரியின் பார்வை முற்றத்துத் தரையில் விழாதபடி சுவரை நோக்கித் திருப்ப வேண்டும். தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதில் பிடிக்கும் என்பதால், பத்தியின் கடைசியில் வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது நல்லது.

மில்லிமீட்டர் அலை ரேடார் உணரிகள் இதற்கு மாற்று. அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் மூச்சைக்கூட அவை உணரும். வெப்பநிலை அவற்றைக் குழப்பாது. குழப்புவது வேறு: சுழலும் மின்விசிறி, திரைச்சீலை, எழுந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சல். மெல்லிய மரத் தடுப்பைத் தாண்டி அடுத்த அறை ஆளையும் காட்டிவிடும். தூர எல்லையைக் குறைத்து, ஊஞ்சலும் விசிறியும் இல்லாத திசையில் வைத்தால் பூஜை அறை, எழுத்து மேசை போன்ற இடங்களுக்கு ஏற்றவை.

காவலுக்கான உணரிகளை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குத் திருட்டைப் போலவே எதிரிகள் மழையும் ஈரமும் எலி கடித்த வயரும். நாட்டு ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால், அதன் கீழ் உள்ள தேக்குச் சட்டம் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து மக்கும். யாராவது வந்து பார்க்கும்போது மாதங்கள் ஓடியிருக்கும். பரண், ஓட்டடி, முற்றத்து வடிகால் ஆகிய இடங்களில் விலை குறைந்த நீர்க்கசிவு உணரி வைத்தால் அன்றே செய்தி வரும். பட்டுப் புடவை, ஓலைச்சுவடி, பழைய கணக்குப் புத்தகம் உள்ள அறைகளில் ஈரப்பத உணரி வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அதற்கான உணரியைத் தரையோரம் வைக்க வேண்டும். உத்தரத்தில் வைத்தால் ஆபத்து முற்றிய பிறகே கத்தும். விறகடுப்பும் சாம்பிராணியும் புழங்கும் பின்கட்டில் புகை உணரி தினமும் பொய்யாகக் கத்தி, ஒரு நாள் கழற்றி எறியப்படும். அங்கே வெப்ப உயர்வை அறியும் வகை ஏற்றது. மேல்தொட்டி நீர்மட்ட உணரியையும் மோட்டார் வறண்டு ஓடாமல் தடுக்கும் கருவியையும் இந்த ஊர்கள் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன. தானியங்கி என்ற சொல்லே தெரியாதவர்கள்கூட நம்பும் கருவிகள் அவை. புதிய அமைப்பு அங்கிருந்து தொடங்குவது இயல்பு.

ஆச்சியின் இரவு நடை

விளக்குத் திட்டத்தின் தரத்தை ஒரே ஒரு சோதனையில் அறியலாம். எண்பது வயது ஆச்சி இரவு இரண்டு மணிக்கு வளவு அறையிலிருந்து பின்கட்டுக் குளியலறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவர் சுவிட்சைத் தேடக் கூடாது. கண் கூசக் கூடாது. நிலைப்படி தெரிய வேண்டும்.

இதற்குத் தேவை நான்கு சிறு விளக்குகள். கட்டிலிலிருந்து கால் கீழே இறங்கியதும் அறை வாசலில் ஒன்று எரிய வேண்டும். வளவுப் பத்தியின் திருப்பத்தில் ஒன்று. இரண்டாங்கட்டு நிலைப்படியில் ஒன்று. குளியலறை வாசலில் ஒன்று. எல்லாம் கணுக்கால் உயரத்தில், மேலிருந்து மறைத்த விளக்குகள். ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் நேர்விளக்கு பட்டால் தரையில் வெள்ளைப் பட்டை ஒன்று மின்னிப் படியை மறைத்துவிடும். ஆகவே ஒளி பக்கவாட்டில் படரும்படி வைக்க வேண்டும். நிறவெப்பம் 2200 முதல் 2700 கெல்வின்வரை, வெளிச்சம் 10 லக்ஸுக்குள். நீலம் மிகுந்த வெள்ளை ஒளி மெலடோனின் சுரப்பைத் தடுத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். மூத்த கண்ணின் வில்லை மங்கியிருப்பதால் கூச்சமும் அதிகம். அணையும் நேரத்தை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பாதி வழியில் சுவரைப் பிடித்து நிற்பவரை இருட்டில் விடக் கூடாது. இந்த விளக்குகள் அனைத்தும் காவல் சர்க்யூட்டில், பேட்டரி துணையோடு.

இதே உணரிகள் இன்னொரு பணியும் செய்யும். காலை ஏழரைக்குள் அடுப்படிக் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கும் சென்னையில் இருக்கும் மகனுக்கும் செய்தி போகும்படி அமைக்கலாம். கேமரா வைத்து ஆச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது அவருடைய மரியாதைக்கு உகந்தது. நலமாக இருக்கிறார் என்ற செய்தி பிள்ளைகளுக்குப் போதும். அவர் என்ன உடுத்தியிருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பது தேவையில்லை.

மரத்துக்கும் கல்லுக்கும் ஏற்ற ஒளி

இன்று பல வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு எரிகிறது. அதன் கீழ் தேக்கு சாம்பல் நிறமாகவும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் வெளிறியும் தெரிகின்றன. 2700 முதல் 3000 கெல்வின், நிறம் காட்டும் குறியீடு 90-க்கு மேல் உள்ள விளக்குகள் மரத்தின் செம்மையை அப்படியே காட்டும். நிலையின் மேலுள்ள சிற்பச் செதுக்கலுக்குக் கீழிருந்து அல்லது பக்கத்திலிருந்து வரும் ஒரு குறுகிய ஒளிக்கற்றை போதும். எதிரே இருந்து அடித்தால் ஆழம் தெரியாது.

முகப்பில் மாட்டிய ரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் பழைய நிழற்படங்களுக்கும் ஒளி மெல்லக் கொல்லும் பகை. காகிதத்துக்கும் துணிக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸை உச்சமாக வைத்துள்ளன. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஏறக்குறைய 200 லக்ஸ்வரை அனுமதி. சேதம் கூட்டுக்கணக்கில் சேர்வது. ஆள் இல்லாத நேரத்தில் எரிந்த ஒவ்வொரு மணியும் நிறத்திலிருந்து கழிகிறது. ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் விளக்கு இங்கே ஆடம்பரம் ஆகாது. பாதுகாப்பு முறையின் ஒரு பகுதி.

பழைய சரவிளக்குகளில் ஸ்மார்ட் பல்பு போடுவது பலரும் எடுக்கும் முதல் முடிவு. யாராவது சுவரில் சுவிட்சை அணைத்தால் பல்பு வலையிலிருந்து காணாமல் போய்விடும். பிறகு கைப்பேசியில் எதை அழுத்தினாலும் எரியாது. பல்பு சாதாரணமாக இருக்கட்டும், அறிவு ரிலேயில் இருக்கட்டும் என்பதே பட்டறிந்த விதி. மின்விசிறிக்கும் ஓர் எச்சரிக்கை: 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்குவது நல்லது, ஆனால் அதை ரெகுலேட்டர் வகை ஸ்மார்ட் சுவிட்சில் மாட்டக் கூடாது. அதன் வேகத்தை அதன் உள்மின்சுற்றே ஆளும்.

விதிகள் எழுதும்போது

தானியங்கி விதிகளில் மூன்று எந்த வீட்டிலும் தவறக் கூடாதவை. சர்வர் நின்றாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். கரண்டு போய்த் திரும்பும்போது எல்லா விளக்கும் ஒருசேர எரியாமல், முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி ஒவ்வொரு ரிலேவையும் அமைக்க வேண்டும். இல்லையேல் நள்ளிரவில் ஆச்சி திடுக்கிட்டு விழிப்பார், பூட்டிய வீட்டில் வளவு விளக்குகள் வாரக்கணக்கில் எரியும். மூன்றாவதாக, வாசல் விளக்கைக் கடிகார மணிக்குக் கட்டாமல் அந்திக்குக் கட்ட வேண்டும். காரைக்குடியில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஜூலையில் 6.40-ஐ ஒட்டி மறையும். நிலையான மணி வைத்தால் ஏதாவது ஒரு பருவத்தில் அரை மணிக்கு மேல் இருட்டிலோ வீண் வெளிச்சத்திலோ போகும்.

நான்காவது ஒன்று இந்த ஊருக்கே உரியது. ஆண்டின் பெரும்பகுதி வெறிச்சோடும் வீடு கல்யாணம், முன்னோர் வழிபாடான படைப்பு, பிள்ளையார் நோன்பு என்றால் நிரம்பி வழியும். கதவுகள் திறந்தே கிடக்கும், பின்கட்டில் கோட்டை அடுப்பு எரியும், குழந்தைகள் பத்திகளில் ஓடுவார்கள். அன்று காவல் விதிகள் எல்லாம் கூச்சலாகிவிடும். முகப்பில் ஒரே பொத்தானை அழுத்தினால் வீடு விசேஷ நிலைக்கு மாறி, எரிவாயு, மின்கசிவு எச்சரிக்கைகள் தவிர மற்றவை அமைதியாக வேண்டும். வீடு பூட்டும்போது தானே காவல் நிலைக்குத் திரும்ப வேண்டும். அந்தியில் மாடத்தில் ஏற்றும் விளக்கு மட்டும் எந்த விதிக்கும் உட்படாமல் வீட்டார் கையாலேயே ஏற்றப்படட்டும். அதை ஆள் இல்லாத வீட்டிலும் எரியவைக்க மின்திரி பொருத்தித் தருகிறோம் என்று வருபவர்களை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

மின்கணக்கு

எல்.இ.டி.க்கு மாறினால் மிச்சமாகும் மின்சாரம் உண்மையானது. ஆனால் ஸ்மார்ட் கருவிகள் சும்மா இருக்கும்போதும் தின்னும். ஒவ்வொன்றும் அரை வாட் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கருவிக்கு 20 வாட். இரண்டு மாதத்தில் 28.8 யூனிட். தமிழகத்தில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானது. ஆள் இல்லாத வீட்டில் அதில் கால் பங்குக்கு மேல் இந்த விழித்திருக்கும் கருவிகளே தின்றுவிடும். எனவே அறைக்கு அறை கருவி வைக்காமல், காவலுக்கும் வழிநடைக்கும் தேவையான பத்துப் பதினைந்தோடு நிறுத்துவது சிக்கனமும் ஆகும்.

யாருடைய வீடு, யாருடைய கடவுச்சொல்

செட்டிநாட்டுப் பெரிய வீடு பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து. ஒருவர் தம் கைப்பேசியில் தம் மின்னஞ்சலில் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு வீட்டின் சாவி அந்தக் கைப்பேசியோடு போய்விடும். வீட்டுக்கென்று தனி மின்னஞ்சல், வீட்டுக்கென்று தனி சிம், அதற்கு ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு யாருக்கு என்ற ஒப்புதல் ஆகியவை கருவி வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். வரவு செலவைப் பைசா சுத்தமாகப் பேரேட்டில் எழுதிய மரபு இது. எந்த ரிலே எந்த விளக்குக்கு, எந்த உணரிக்கு எந்தப் பேட்டரி, எப்போது மாற்றியது என்று எழுதிய ஒரு பேரேடும், வயரிங் படமும் மெயின் பெட்டியருகே இருந்தால் அடுத்த தலைமுறைக்கும் வீடு புரியும்.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகவே தரவைக் கையாள்வதைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே வீட்டுக்குள் வைத்த கேமரா காவலாளையோ சமையல் செய்பவரையோ ஓயாமல் பார்ப்பதைத் தடுக்க வேண்டியது நம் மனச்சாட்சிதான். கேமரா வாசலுக்கும் பின்வாசலுக்கும் போதும். எங்கே கேமரா இருக்கிறது என்பதை வேலை செய்பவர்களிடம் சொல்லிவிடுவது குறைந்தபட்ச நாகரிகம்.

இனி செய்ய வேண்டியது

இந்த வேலைக்குத் தேவையான அறிவு ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் அது திறக்கப்பட்டது. பேட்டரியும் உலோக அரிப்பும் அதன் ஆய்வுத் துறைகள். 1952-ல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி அதே ஊரில் இருக்கிறது. இவர்களோடு உள்ளூர் எலெக்ட்ரீசியன்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் சேர்ந்து, பழைய வீட்டு வயரிங்கை அளந்து மாற்றுவதற்கும் தமிழிலேயே ஒரு செய்முறை வகுப்பதற்கும் முன்வந்தால், சென்னை நிறுவனங்களின் அடுக்ககத் திட்டத்தை இங்கே கொண்டுவந்து திணிக்க வேண்டியிராது.

பராமரிக்க ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. ஓடு நகர்ந்ததை அன்றே சொல்லும் ஓர் உணரியால் ஒரு கூரை பிழைக்கும். நிலைப்படியில் எரியும் ஒரு சிறு விளக்கால் ஒரு மூதாட்டியின் இடுப்பெலும்பு பிழைக்கும். இவை இரண்டையும் செய்துவிட்டு மிச்சப் பணத்தில் நிறம் மாறும் விளக்கும் பேசும் பெட்டியும் வாங்கிக்கொள்ளலாம். பங்காளிகள் அடுத்த முறை படைப்புக்குக் கூடும்போது மெயின் பெட்டியைத் திறந்து பார்த்து, காவல் சர்க்யூட்டுக்கான செலவைப் பங்கு போட்டுக்கொள்வது நல்ல தொடக்கம்.